பிள்ளைகளோடும் நாயோடும் கேரள மலைக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழு ஆண்டுத் தேர்வு முடிகிற வாரத்திலேயே சொந்தக்காரர்களும் பக்கத்துத் தெருக்காரர்களும் என்னிடம் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். எங்களுக்குத் தேனி மாவட்டத்து உத்தமபாளையம். ஐந்து கோடையாக, பெரியவன், சின்னவள், செவலை என்று மூவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மூணாறு பக்கத்து மலைக்குப் போய் வருகிறோம். செவலை கோம்பை இன நாய். எங்களுக்குப் பக்கத்திலிருக்கும் கோம்பை ஊரின் பெயரைத் தாங்கிய இனம். செம்பழுப்பு உடம்பு, கறுத்த முகவாய். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் என்ன?

சில வீடுகளுக்கு அதுதான் சரி. வயதான நாய், நோயிலிருந்து தேறிவரும் நாய், சினையாக இருக்கும் நாய், தடுப்பூசி முழுவதும் போட்டு முடியாத குட்டி ஆகியவற்றை மலையேற்ற வேண்டாம். மூன்று நாளில் பத்து இடம் பார்த்துவிட வேண்டும் என்று திட்டமிடுகிறவர்களும் நாயை விட்டுவிட்டுப் போவதே நாய்க்குச் செய்யும் நன்மை. காரிலும் அறையிலும் அடைந்து கிடப்பதற்காக அது அவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

நாங்கள் முதல் ஆண்டு செவலையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனோம். இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை, வாசலைப் பார்த்தபடியே படுத்திருந்தது என்று அந்த வீட்டு அக்கா சொன்னபோது சின்னவள் அழுத அழுகையில் மூன்றாம் நாளே திரும்பினோம். அடுத்த ஆண்டு அதையும் கூட்டிக்கொண்டு போனோம். நாய்க்காக ஒரே ஊரில் தங்கினோம், காலையும் மாலையும் நடந்தோம், மதியம் தூங்கினோம். அதுவரை நாங்கள் போன பயணங்களில் பிள்ளைகள் வாந்தியும் சிணுங்கலும் இல்லாமல் இருந்தது அந்த ஒரு முறைதான். நாயின் நடைக்கு நம் திட்டத்தைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று முதலில் வீட்டில் பேசுங்கள். முடியும் என்றால் மற்றதெல்லாம் எளிது.

எந்த ஊரில் தங்குவது?

மூணாறு நகரத்துக்குள் வேண்டாம். மே மாதத்துச் சனி ஞாயிறுகளில் அங்கே நடந்து போகவே இடமிருக்காது. நாய்க்கு அது வெறும் இரைச்சலும் புகையும்தான். என் தேர்வு மறையூர், காந்தளூர் பக்கம். மூணாறிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் மறையூர். அங்கிருந்து மேலே ஏறினால் காந்தளூர். மலையின் மழை மறைவுப் பக்கம் என்பதால் மண் காய்ந்திருக்கும், அட்டைத் தொல்லை குறைவு. காந்தளூரில் பிளம்ஸ், பீச்சஸ் மரங்களும் பூண்டு வயல்களும் இருக்கின்றன. வட்டவடையும் நல்ல ஊர். படிப்படியாக இறங்கும் காய்கறி வயல்களைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். ஆனால் போகும் வழி காட்டுக்குள் என்பதால் நாயை வழியில் இறக்க முடியாது.

பூப்பாறையில் என் சித்தி வீடு இருக்கிறது. போகும்போது ஒரு இரவு அங்கே தங்கிவிடுவோம். உங்களுக்கும் பாதி வழியில் உறவினர் வீடு இருந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள். நாய்க்கு உயரமும் குளிரும் பழக ஒரு இரவு கிடைக்கும்.

மலைப்பாதையில் எந்த நேரத்தில் ஏற வேண்டும்?

போடியிலிருந்து போடிமெட்டு சுமார் 26 கிலோமீட்டர், 17 கொண்டை ஊசி வளைவுகள். அதற்குள் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் ஏறிவிடுகிறோம். அடிவாரம் முந்தல். இந்தச் சாலையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. போடி, தேவாரம் பக்கத்து ஊர்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் ஜீப்புகள் விடியற்காலையில் வரிசையாக மேலே ஏறும், மாலையில் கீழே இறங்கும். கூலி வேலைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியவர்கள், வேகமாகத்தான் வருவார்கள். அவர்களுக்கு வழிவிட்டு, எட்டு எட்டரை மணிக்கு முந்தலைத் தாண்டுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் ஏறவே வேண்டாம். பனி இறங்கிவிட்டால் வளைவு தெரியாது. பூப்பாறை, ஆனையிறங்கல் பகுதியில் யானை சாலையைக் கடக்கும் நேரமும் அதுதான்.

உடுமலைப்பேட்டை, சின்னார் வழியாக மறையூருக்கு வருகிறவர்கள் புலிகள் காப்பகத்தையும் சரணாலயத்தையும் கடந்து வருகிறார்கள். அந்தக் காட்டுப்பாதையில் வண்டியை நிறுத்தக்கூடாது, யாரும் இறங்கக்கூடாது, நாய் நிச்சயமாக இறங்கக்கூடாது. அதன் இயற்கைக் கடன்களை எல்லாம் சோதனைச் சாவடிக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

இ-பாஸ் எடுக்க வேண்டுமா?

வண்டிக்கு முன்கூட்டியே இணையத்தில் எடுக்கும் அந்த அனுமதிச் சீட்டு ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும்தான். அங்கே 2024 மே 7 முதல் அந்த முறை நடப்பில் இருக்கிறது. மூணாறுக்கு அது தேவையில்லை. கொடைக்கானலுக்குப் போய்க்கொண்டிருந்த பலர் இந்தப் பக்கம் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

என்னென்ன தடுப்பூசிகள்?

வெறிநாய்க்கடித் தடுப்பூசி, நாய்களைக் கொல்லும் வைரஸ் நோய்களான டிஸ்டெம்பருக்கும் பார்வோவுக்கும் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசி, லெப்டோஸ்பைரோசிஸ் எனப்படும் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசி. கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எலியின் சிறுநீர் கலந்த நீரில் அந்தக் கிருமி இருக்கும். ஈரமான மலை ஊரில் தேங்கிய தண்ணீரை நக்கிக் குடிக்கிற நாய்க்கு அது வர வாய்ப்பு அதிகம். நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். ஊசி போட்டவுடன் பாதுகாப்பு வந்துவிடாது. புறப்படுவதற்குக் குறைந்தது மூன்று வாரத்துக்கு முன்பே போட்டு முடியுங்கள். தடுப்பூசி அட்டையைக் காரிலேயே வையுங்கள். தங்குமிடத்திலும் கேட்பார்கள், நாய் யாரையாவது பிறாண்டிவிட்டாலும் கேட்பார்கள்.

வளைவுகளில் பிள்ளைக்கும் வாந்தி, நாய்க்கும் வாந்தி. என்ன செய்வது?

எங்கள் வீட்டில் சின்னவளுக்குப் போலவே செவலைக்கும் நான்காவது வளைவில் எச்சில் ஒழுகத் தொடங்கிவிடும். நாய்க்குப் புறப்படுவதற்கு நான்கு மணி நேரம் முன்பே சோற்றை நிறுத்திவிடுகிறோம். தண்ணீர் மட்டும் அவ்வப்போது கொஞ்சம். பிள்ளைகளுக்கு வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள், சட்னியில் எண்ணெய் வேண்டாம். செல்போனைப் பார்த்துக்கொண்டே வருகிற பிள்ளைக்குத்தான் முதலில் குமட்டும். வளைவு எண் பலகைகளை எண்ணச் சொல்லுங்கள். கண் தொலைவில் நின்றால் தலைச்சுற்றல் குறையும். காது அடைத்தால் ஒரு மிட்டாயைச் சப்பச் சொன்னால் போதும். வாந்தி மாத்திரை தேவைப்படும் பிள்ளைக்கு மருத்துவரிடம் அளவைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள். மனிதர் மாத்திரையை நாய்க்குக் கொடுக்காதீர்கள்.

நாயை முன் இருக்கையில் மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். பின் இருக்கையில் மார்புப்பட்டை மாட்டி, அதை இருக்கை பெல்ட்டோடு இணையுங்கள். தேநீர் குடிக்க இறங்கும்போது நாயைப் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுப் போகவே போகாதீர்கள். மலைதானே, குளிர்தானே என்று நினைப்பார்கள். வெயில் விழும் இடத்தில் நிற்கும் கார் சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும். நாய் நம்மைப் போல உடல் முழுக்க வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும்.

நாயை அனுமதிக்கும் தங்குமிடம் என்று எப்படி உறுதிசெய்வது?

இந்தக் கேள்விக்குப் பட்ட அனுபவத்திலிருந்து சொல்கிறேன். மூன்றாவது ஆண்டு ஒரு விடுதியில் "நாய் வரலாம்" என்று தொலைபேசியில் சொன்னார்கள். மாலை ஆறரைக்குப் போய் இறங்கியபோது, வரலாம், ஆனால் பின்னால் விறகுக் கொட்டகையில் கட்ட வேண்டும் என்றார்கள். கொட்டகைக்குக் கதவில்லை, பத்தடி தள்ளித் தேயிலைத் தோட்டம். முன்பணத்தையும் திருப்பித் தரவில்லை. இருட்டில் பிள்ளைகளோடு வேறு வீடு தேடி அலைந்த அந்த இரண்டு மணி நேரத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

அதிலிருந்து, நாய் இரவில் எங்கே படுக்கும் என்ற ஒன்றைத்தான் முதலில் கேட்கிறேன். "அறைக்குள் உங்களோடு" என்ற பதில் எழுத்தில் வந்தால் மட்டுமே முன்பணம் அனுப்புகிறேன். அடுத்து, வீட்டுக்காரர்களின் சொந்த நாய் அவிழ்த்துவிடப்பட்டிருக்கிறதா, வளாகத்துக்கு வேலி உண்டா, சமையல்காரர் நாய்க்குப் பயப்படுவாரா என்று கேட்கிறேன். குடும்பமே குடியிருந்து விருந்தினருக்கு இரண்டு அறை ஒதுக்கியிருக்கும் வீடுகள் பெரிய விடுதிகளைவிட நாய்க்கு ஏற்றவை. நம் பங்குக்கும் கடமை உண்டு. நாய்க்குத் தனி விரிப்பு, பழைய துண்டுகள், மலத்தை எடுக்கப் பை ஆகியவற்றைக் கொண்டுபோக வேண்டும். அவர்களுடைய கம்பளியில் நாயைப் படுக்க வைத்தால் அடுத்த நாய்க்குக் கதவு அடைபட்டுவிடும்.

ராஜமலைக்கும் தேக்கடிக்கும் நாயைக் கூட்டிப் போகலாமா?

கூடாது. ராஜமலை இருக்கும் இரவிகுளம் தேசியப் பூங்காவிலும் தேக்கடி இருக்கும் பெரியாறு புலிகள் காப்பகத்திலும் வளர்ப்பு நாய்க்கு அனுமதி இல்லை. "கயிற்றில்தானே பிடித்திருக்கிறோம், என்ன கெட்டுவிடும்" என்று என் மாமா உட்படப் பலர் வாதாடியிருக்கிறார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதல் காரணம் நோய். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் செந்நாய், சிறுத்தை, புலி போன்ற காட்டு விலங்குகளையும் கொல்லும். 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் இறந்தபோது அந்த வைரஸ் கண்டறியப்பட்டது. நம் நாய்க்குத் தடுப்பூசி இருக்கிறது. காட்டுக்கு யார் போடுவது? ஊசி போட்ட நாயின் காலிலும் உடலிலும்கூடக் கிருமியும் உண்ணியும் ஒட்டிக்கொண்டு உள்ளே போகும்.

இரண்டாவது, வரையாடு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு அது. உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லை. 97 சதுர கிலோமீட்டர் இரவிகுளத்தில்தான் அதன் மிகப் பெரிய கூட்டம் வாழ்கிறது. ஆண்டின் தொடக்கத்தில் குட்டி ஈனும் காலத்தில் பூங்காவையே மூடிவிடுகிறார்கள். நாம் போகிற மே மாதத்தில் அந்தக் குட்டிகள் தாயின் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். மனிதரைக் கண்டு ஒதுங்காத அளவுக்குப் பழகிய ஆடுகள் அவை. ஆனால் நாயின் உருவமும் வாசனையும் அவற்றுக்குச் செந்நாய்தான். மிரண்டு பாறையில் ஓடும் தாயைக் குட்டியால் தொடர முடியாது. செவலையை எனக்குத் தெரியும். பல தலைமுறையாக வேட்டைக்கு வளர்த்த இனம். ஆட்டைப் பார்த்தால் அதன் காது நிற்கும் விதமே வேறு. அதைக் குற்றம் சொல்ல முடியாது. கூட்டிப் போகிற என்னைத்தான் சொல்ல வேண்டும்.

அதனால் நாங்கள் முறை போட்டுக்கொள்கிறோம். ஒரு நாள் நான் பிள்ளைகளோடு வனத்துறை பேருந்தில் ராஜமலைக்குப் போவேன். என் கணவர் செவலையோடு இருப்பார். மறுநாள் அவர்கள் வேறிடம் போவார்கள், நான் இருப்பேன். மலையில் ஒரு மதியம் முழுக்க நாயோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த நேரம்.

சிறுத்தை, யானை பயம் உண்மையா?

உண்மை. தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். நாயைச் சிறுத்தையிடம் பறிகொடுக்காத லயமே இருக்காது. சிறுத்தைக்கு நாய் எளிய இரை. பொழுது சாய்ந்த பிறகு நாயை வெளியே கட்டவோ, சிறுநீர் கழிக்கத் தனியே அவிழ்த்துவிடவோ கூடாது. இரவில் அவசரம் என்றால் விளக்கைப் போட்டு, டார்ச்சோடு இரண்டு பெரியவர்கள் கூடப் போங்கள். கயிறு குட்டையாக இருக்கட்டும். பிள்ளைகள் வாசலுக்குள்ளேயே நிற்கட்டும்.

யானையிடம் நாய் செய்யும் தவறு ஒன்று உண்டு. குரைத்துக்கொண்டே பாயும், யானை திரும்பினால் உடனே எசமானரிடம் ஓடி வந்து காலடியில் ஒளியும். துரத்தி வரும் யானை நம் முன்னால் நிற்கும். கரடியும் காட்டுமாடும் அப்படித்தான். பகலிலும் மலையில் நாயை அவிழ்த்துவிடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். எவ்வளவு சொன்னபடி கேட்கிற நாயாக இருந்தாலும் இதில் விலக்கு வேண்டாம்.

கீழே இருக்கிற எங்களுக்கும் இது புதிதல்ல. சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன் என்ற காட்டு யானை 2023 மே மாதம் கம்பம் நகரத் தெருவுக்கே வந்தது. அரிசிக்காக வீடுகளை உடைத்ததால் அந்தப் பெயர். அதன் வழியெங்கும் நாம் வீடும் தோட்டமும் கட்டியிருக்கிறோம் என்பதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். ஆனையிறங்கல் என்ற பெயர் எதனால் வந்தது என்று பெரியவன் அப்போதுதான் தானாகவே கண்டுபிடித்துச் சொன்னான்.

நாய்க்கு எதைக் கொடுக்கக்கூடாது?

இந்தப் பயணத்தில் நாம் வாங்கும் பண்டங்களிலேயே நஞ்சு இருக்கிறது. அதனால் இந்தப் பதிலை மட்டுமாவது பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் யார் வண்டியிலும் ஒரு கூடை பன்னீர் திராட்சை இருக்கும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் பழம்தான். நாய்க்கு ஆகாது. திராட்சையும் உலர்ந்த திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். எவ்வளவு தின்றால் ஆபத்து என்று அளவு சொல்ல முடியாது. ஒரு நாய்க்கு ஒன்றும் ஆகாத அளவு இன்னொரு நாயைக் கொன்றுவிடும். திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணம் என்று இப்போது கருதுகிறார்கள். அதே அமிலம் புளியில் நிறைய உண்டு. கட்டுச்சாதம் என்றால் நமக்குப் புளியோதரைதான். பிள்ளைகள் சாப்பிட்டு மிஞ்சிய உருண்டையை நாய்க்குத் தட்டிவிடும் பழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் இருந்தது. இப்போது செவலைக்கு உப்பில்லாத தயிர்ச் சோற்றைத் தனி டப்பாவில் எடுத்துப்போகிறேன்.

அடுத்து, மூணாறில் தெருவெங்கும் விற்கும் வீட்டுச் சாக்லேட். கொக்கோவிலுள்ள தியோபுரோமின் நாயின் இதயத்தையும் நரம்பையும் தாக்கும். நிறம் கறுக்கக் கறுக்க நஞ்சு அதிகம். திராட்சை பதித்த சாக்லேட் என்றால் இரண்டு நஞ்சும் ஒன்றாகச் சேர்கின்றன. பையை உயரத்தில் தொங்கவிடுங்கள். வெங்காயம், பூண்டு, சர்க்கரை இல்லாத சூயிங்கம் ஆகியவையும் கூடாது.

தின்றுவிட்டது என்று தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று உப்புக் கரைத்து ஊற்றாதீர்கள். அதுவே தனி ஆபத்து. அறிகுறி தெரியும் வரை காத்திருக்கவும் வேண்டாம். என்ன தின்றது, எவ்வளவு, எப்போது என்று குறித்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். தங்கப்போகும் ஊருக்கு மிக அருகிலுள்ள கால்நடை மருத்துவமனை எங்கே என்று வீட்டிலிருந்தே விசாரித்து வைப்பது அதனால்தான் முக்கியம்.

ஏலத்தோட்டத்துக்குள் நடக்கலாமா?

தோட்டக்காரரைக் கேட்காமல் வேண்டாம். ஏலத்துக்கு அடிக்கடி பூச்சிமருந்து அடிப்பார்கள். மருந்து கலந்த தண்ணீர் தொட்டியிலும் ஓடையிலும் இருக்கும்; நாய் அதைத்தான் முதலில் நக்கும். பூப்பாறைச் சித்தி வீட்டில், அன்றைக்கு எந்தப் பக்கம் மருந்தடித்தார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் செவலையை வாசல் தாண்டவிடுவோம். குடிதண்ணீரை எப்போதும் கையோடு கொண்டுபோங்கள். தேயிலைத் தோட்டமும் அப்படித்தான். அங்கே கொழுந்து பறிக்கும் பெண்கள் குறுகிய தடத்தில் பாரத்தோடு வருவார்கள். நாயைக் கண்டு ஒதுங்க அவர்களுக்கு இடமில்லை. நாம் ஒதுங்கி நிற்க வேண்டும்.

அட்டையும் உண்ணியும்?

கோடைமழை இரண்டு பெய்தாலே புல்லில் அட்டை எழும்பிவிடும். பிள்ளைகளுக்கு முழுக்கால் சட்டை, அதன் நுனி காலுறைக்குள். கடித்த அட்டையைப் பிய்த்து இழுக்காமல் நகத்தால் ஓரத்தைத் தள்ளி எடுங்கள். நாய்க்கு விரலிடுக்கு, காது, வாயோரம் பாருங்கள். ஓடையில் குடித்த நாய் தும்மிக்கொண்டே இருந்து ஒரு மூக்கில் ரத்தம் வந்தால் உள்ளே அட்டை இருக்கலாம். அதை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். உண்ணிக்குக் கால்நடை மருத்துவர் தரும் மருந்தைப் புறப்படும் முன்பே கொடுத்துவிடுங்கள்.

குளிர் தாங்குமா?

தேனியில் 38 பாகை இருக்கும் நாளில் மூணாறு இரவு 15 பாகை அளவில் இருக்கும். கோம்பை, சிப்பிப்பாறை, ராஜபாளையம் எல்லாம் குட்டை முடி நாய்கள், சமவெளி வெயிலுக்குப் பிறந்தவை. பழைய ஸ்வெட்டர் ஒன்றின் கையை வெட்டி மாட்டினால் போதும். தரையில் நேராகப் படுக்க விடாதீர்கள்.

பிள்ளைகளுக்குப் பொழுது போகுமா?

படகு, குதிரைச் சவாரி இல்லாமல் பொழுது போகாது என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். மறையூரில் கரும்பாலை ஒன்றில் என் பிள்ளைகள் மூன்று மணி நேரம் நின்றார்கள். சாறு கொப்பரையில் கொதித்து, நுரை தள்ளி, பாகாகி, சூடு தணியும் முன்பே ஆலைக்காரர்கள் அதைக் கையால் உருட்டுவதைப் பார்த்து, சின்னவளும் ஒரு உருண்டை பிடித்தாள். மறையூர் வெல்லம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. நாயைக் கொப்பரைப் பக்கம் விடாதீர்கள். வெளியே ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.

மறையூர்ச் சாலையோரம் வேலிக்குள் சந்தனக் காடு. சந்தன மரம் பக்கத்து மரங்களின் வேரிலிருந்து சத்தை உறிஞ்சி வாழ்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். பெருங்கற்காலத்துக் கல்லறைகளான முனியறைகள் பாறைமேல் நிற்கின்றன. காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறினால் பாறை நாயின் பாதத்தைச் சுட்டுவிடும். உங்கள் உள்ளங்கையை ஐந்து விநாடி பாறையில் வைக்க முடியாவிட்டால் நாயும் நடக்கக்கூடாது.

பெரியவனுக்குப் பிடித்தது டாப் ஸ்டேஷன் கதை. மூணாறில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாகத் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனுக்கு வரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு நம் கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு போடிக்குப் போகும். 1924 பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. மேலே நின்று கொட்டகுடிப் பள்ளத்தைக் காட்டி இதைச் சொல்லுங்கள். நாயின் கயிறு அங்கே பெரியவர் கையில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் பள்ளம், இன்னொரு பக்கம் குரங்குகள்.

குறிஞ்சியையும் சொல்லிவிடுங்கள். 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்தது 2030. நான்கு வயதில் அதைப் பார்த்த பெரியவனுக்கு அடுத்தமுறை பதினாறு வயதாகியிருக்கும். சின்னவள் இன்னும் பார்த்ததே இல்லை. நாள்காட்டியில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள்.

குரங்கணி வழியாக மலையேறலாமா?

வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் எந்த மலைக்கும் வேண்டாம். கோடையில், பிள்ளைகளோடு, வேண்டவே வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்த மாலையில் எங்கள் ஊரிலிருந்து ஆம்புலன்ஸ் ஒலியைக் கேட்டபடி நின்றோம். போதைப்புல் என்கிற உயரமான மலைப்புல் காய்ந்திருக்கும்போது அதில் தீ மனிதனைவிட வேகமாக ஏறும்.

தெருநாயோ, நம் நாயோ பிள்ளையைக் கடித்துவிட்டால்?

கடித்த இடத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய், காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்குங்கள். மீதி ஊசிகளை ஊருக்கு வந்து போட்டுக்கொள்ளலாம். காயம் ஆழமாக இருந்தால் உடனடிப் பாதுகாப்புக்கான இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும், கேளுங்கள். தடுப்பூசி போட்ட சொந்த நாய்தானே என்று விட்டுவிடாமல் மருத்துவரே முடிவு செய்யட்டும். ஆம்புலன்ஸ் எண் அங்கேயும் 108தான்.

மலையாளம் தெரியாதே?

தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் 1956இல் கேரளத்தோடு சேர்ந்தாலும் அங்கே தேயிலைத் தோட்டங்களில் உழைப்பவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். அண்ணே, அக்கா என்று கூப்பிட்டால் வழி காட்டுவார்கள்.

எப்போது திரும்ப வேண்டும்?

மே கடைசி வாரத்துக்குள். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில் தொடங்கும். அதன் பிறகு இந்தச் சாலைகளில் மண் சரியும். 2020 ஆகஸ்டில் ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் லயங்களின் மேல் மலையே சரிந்து எழுபது பேர் மாண்டார்கள். எல்லாம் தேயிலைத் தொழிலாளர் குடும்பங்கள். அந்த வழியில் போகும்போது நாங்கள் வண்டிக்குள் பாட்டை நிறுத்திவிடுவோம்.

வீட்டுக்கு வந்த பிறகு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

அன்றே வெந்நீரில் குளிப்பாட்டி, காதுக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், வாலடியில், விரலிடுக்கில் உண்ணி பாருங்கள். உண்ணிக்காய்ச்சல் உடனே தெரியாது. மூன்று வாரம் வரை கழித்தும் வரும். சோர்ந்து படுப்பது, சோறு வேண்டாமென்பது, ஈறு வெளுப்பது, சிறுநீர் காப்பி நிறத்தில் போவது எதைக் கண்டாலும் மறுநாளைக்குத் தள்ளாதீர்கள். திரும்பி வந்த நாளை நாள்காட்டியில் குறித்துவைத்து, அதிலிருந்து இருபத்தொரு நாள் தினமும் மாலையில் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பது எங்கள் வீட்டில் சின்னவளின் வேலை. செவலை அதற்கு மட்டும் அசையாமல் வாயைக் காட்டும்.